‘பால் பேகு’: பேசாத பிள்ளைக்காக இணையத்தில் தேடிய நாட்கள்

என் மகனுக்கு இரண்டு வயது முடிந்த வாரம், அவன் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ‘மா’, ‘பா’, ‘தா’, பூனையைக் கண்டால் ‘மியா’. நாலுதான். அதிலும் ‘பா’ என்பது அப்பாவுக்கும் பாலுக்கும் பொது. கீழ் வீட்டுப் பெண் குழந்தை அவனைவிட இரண்டு மாதம் சின்னவள். அவள் மாடிப்படியில் நின்றுகொண்டு “ஆண்ட்டி, எங்க போறீங்க?” என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது நெஞ்சை என்னவோ செய்யும்.

நாங்கள் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். வீட்டுக்காரருக்குக் கிடங்கில் ஷிஃப்ட் வேலை, நான் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அத்தைதான். “ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும். உன் புருஷனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்பார். எனக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னார். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பிள்ளை தூங்கிய பிறகு போனைக் கையில் எடுத்தால் மணி ஒன்று, இரண்டு ஆகிவிடும்.

முதல் சில இரவுகளில் நான் தேடியதெல்லாம் ‘இரண்டு வயதுக் குழந்தை பேசவில்லை’ என்ற ஒரே கேள்வியைத்தான், இங்கிலீஷிலும் தமிழிலும் மாற்றி மாற்றி. மேலே வந்த நாலைந்து லிங்குகளும் விளம்பரம். சின்ன எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்று போட்டிருந்ததை அப்போது கவனிக்கவில்லை. ‘இலவச வளர்ச்சிப் பரிசோதனை’ என்று ஒரு படிவம் இருந்தது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, என் போன் நம்பர், எந்த ஏரியா, மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினேன். பரிசோதனை என்று எதுவும் வரவில்லை. மறுநாள் காலை பத்து மணியிலிருந்து போன்தான் வந்தது. ப்ளே ஸ்கூல், மூளை வளர்ச்சி வகுப்பு, படிப்புக் காப்பீடு என்று மூன்று வாரம் விடாமல் அழைத்தார்கள். பிள்ளையைப் பற்றிக் கவலையில் இருக்கும் தாய் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுவாள். அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருமானம் கேட்கும் எந்தப் படிவத்திலும் நான் பிள்ளையின் பெயரை எழுதியதில்லை.

அப்படி அழைத்தவர்களில் ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். இருபது நிமிடம் பிள்ளையைப் பார்த்தார்கள். ஒரு பயிற்சி அமர்வுக்கு 900 ரூபாய், 40 அமர்வுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கூடவே ஒரு அறிவுரை: “வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், டிவியில் இந்தி என்றால் குழந்தை குழம்பிப்போகும். இனிமேல் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்.”

பணத்தைப் பிறகு கட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் அறிவுரையை அன்று மாலையே பின்பற்ற ஆரம்பித்தோம். அந்த மூன்று வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கை, கால், தொப்பை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடுவார், ஜன்னலில் காக்கா வந்தால் கூப்பிட்டுக் காட்டுவார், சோறு ஊட்டும்போது கதை சொல்வார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். “நான் பேசி அவனைக் கெடுத்துட வேணாம்மா” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் பிள்ளையோடு நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். பேச்சு வரவில்லையே என்று கவலைப்பட்ட வீட்டில் இருந்த பேச்சையும் நாங்களே நிறுத்திவிட்டோம்.

மனசு ஒப்பவில்லை. மறுபடியும் போனை எடுத்தேன். இந்த முறை குழந்தையைப் பற்றித் தேடவில்லை, எங்களுக்குச் சொன்ன அறிவுரை சரியா என்று தேடினேன். அமெரிக்காவில் பேச்சு, செவித்திறன் வல்லுநர்களுக்கு ஆஷா என்ற பெரிய சங்கம் இருக்கிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது என்று அவர்கள் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு மொழிப் பிள்ளையின் சொற்களை எண்ணும்போது இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். பெற்றவர்கள் தங்களுக்கு எது நன்றாக வருமோ அந்த மொழியில் பேச வேண்டும். அதைப் படித்த மறுநாள் காலை அத்தையிடம் போய், “நீங்க எப்பவும் போலப் பேசுங்க அத்தை” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பக்கங்கள் நமக்கு எதற்கு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உதவின. ஆனால் எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்த பிறகுதான் உதவின. அந்த நாட்டின் சிடிசி என்ற நோய்த்தடுப்பு அமைப்பு, எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2022இல் அதைத் திருத்தினார்கள். நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்துவிடக்கூடியதை மட்டும்தான் அந்தந்த வயதுக்கு எதிரே எழுதியிருக்கிறார்கள். இரண்டு வயதுக்கு நேரே, இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வது என்று இருந்தது. என் மகன் அங்கே இல்லை. ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்று இனிமேல் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது.

அதற்கு அடுத்த பக்கத்தில், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே ‘ஏர்லி இன்டர்வென்ஷன்’ (வளர்ச்சித் தாமதத்துக்குச் சின்ன வயதிலேயே உதவி செய்வது) என்ற சேவை சட்டப்படி உண்டு, உங்கள் மாநிலத்துக்குப் போன் செய்யுங்கள் என்று போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் அதைப் படித்த பிறகுதான் அது அந்த ஊர்க்காரர்களுக்கு என்பது மண்டையில் ஏறியது. ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதோடு ‘கர்நாடகா’, ‘அரசு’, ‘மாவட்டம்’ என்று சேர்த்துத் தேடினேன். முகவரியின் முடிவில் ‘கவ் டாட் இன்’ என்று இருக்கிற பக்கங்களை மட்டும் திறந்தேன். அப்படித்தான் ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்’ என்ற பெயரையே முதன்முதலாகப் பார்த்தேன்.

2013இல் மத்திய அரசு ஆரம்பித்த திட்டம் அது. பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை, பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் என்று 30 வகைப் பிரச்சினைகளை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கானது. அதற்கென்று நடமாடும் மருத்துவக் குழு இருக்கிறது. அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் அந்தக் குழு வர வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எல்லாம் இலவசம்.

அன்றிலிருந்து நான் தேடும் விதமே மாறியது. ‘நல்ல மையம் எது’ என்று தேடினால் விற்கிறவர்கள் வருவார்கள். ‘இந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டிய கடமை யாருக்கு இருக்கிறது’ என்று தேடினால் வேறு பக்கங்கள் வரும். அவை அழகாக இருக்காது. எழுத்து கசகசவென்று இருக்கும், பிடிஎஃப் திறக்க நேரம் எடுக்கும், சில நம்பர்கள் வேலை செய்யாது. இருந்தாலும் நமக்கு எதெல்லாம் உரிமையோடு கிடைக்க வேண்டும் என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.

அப்படிப் படித்த ஓர் அரசுக் கையேட்டில் தாய் சேய் அட்டையின் படம் இருந்தது. பார்த்த படமாக இருக்கிறதே என்று எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். கர்ப்பமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த ‘தாயி கார்டு’ தடுப்பூசிச் சீட்டுகளுக்கு அடியில் இருந்தது. கன்னடத்தில்தான் இருக்கிறது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் படங்களைப் பார்த்தால் யாருக்கும் புரியும். குழந்தை எந்த மாதத்தில் தலை நிற்கும், எப்போது கூப்பிட்டால் திரும்பும், எப்போது சொற்கள் பேசும் என்று வரிசையாகப் போட்டு, எதெல்லாம் எச்சரிக்கை அறிகுறி என்றும் தனியாகக் காட்டியிருந்தார்கள். இரண்டு வருடமாகத் தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கிறவர்கள் முதலில் உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து அந்த அட்டையைப் பாருங்கள்.

அடுத்தது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டம். 400 முதல் 800 பேர் வரை வாழும் பகுதிக்கு ஒரு மையம் என்பது அரசின் கணக்கு. அப்படியானால் எங்கள் தெருக்களுக்கு நடுவே ஒன்று இருந்தே ஆக வேண்டும். மேப்பில் தேடினால் ப்ளே ஸ்கூல்கள்தான் வரிசையாக வந்தன. கடைசியில் தடுப்பூசி நாளில் ஆஷா அக்காவிடம் கேட்டேன். (இவர் சுகாதாரப் பணியாளர். மேலே சொன்ன சங்கத்துக்கும் இவருக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.) அவர் கைகாட்டிய இடம் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. தினமும் அதன் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

ஒரே அறை. சுவரில் எழுத்துப் படங்கள், மூலையில் எடை பார்க்கும் கருவி. டீச்சர் கன்னடக்காரர். உதவியாளர் அக்காவுக்குத் தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் வரும். அங்கன்வாடி என்றால் சத்துமாவு கொடுக்கிற இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூன்று வயதிலிருந்து ஆறு வரை முன்பருவக் கல்வியும் அதன் வேலைதான். அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு எடை, உயரம், தடுப்பூசி, பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புவது எல்லாம் உண்டு. டீச்சர் என் மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவனுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கையைத் தட்டினார். அவன் திரும்பவில்லை. “காது பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. 40 அமர்வு சொன்னவர்களும் கேட்கவில்லை. பேச்சு தாமதமானால் முதலில் செவித்திறனைப் பார்க்க வேண்டும். இது அந்தத் துறையில் பாலபாடம். எத்தனையோ இரவு படித்தும் எனக்கு அது கண்ணில் படாமல் போனது. ஏனென்றால் சத்தமாகப் பாட்டுப் போட்டால் அவன் ஆடுவான். கேட்கிற பிள்ளை என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

மருத்துவக் குழு வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. காத்திருக்க வேண்டாம் என்று டீச்சரே சொன்னார். டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, செவித்திறன் நிறுவனம் எங்கள் லிங்கராஜபுரத்திலேயே ஹென்னூர் ரோட்டில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் பெயரைப் பார்த்திருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்ததில்லை. போன் செய்து எந்த நாளில் வரலாம், என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனேன். வெப்சைட்டில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி எங்கேயும் கிளம்பாதீர்கள், ஒரு போன் செய்துவிடுங்கள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

காதுக்குள் சின்ன முனையை வைத்து, காற்றழுத்தத்தை மாற்றிப் பார்த்தார்கள். வலியில்லை. இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருந்தது. அவனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். அதன் மிச்சம் உள்ளே தங்கிவிடுமாம். நிரந்தரக் கேளாமை இல்லை. ஆனால் தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பது மாதிரி, மெல்லிய சத்தங்கள் மங்கிப்போகும். பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாக வடியும், வடியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார் என்றார்கள். எல்லாப் பிள்ளைக்கும் காரணம் இதுவாக இருக்காது. ஆனால் எந்தக் காரணமாக இருந்தாலும் காதைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

அங்கே காத்திருந்தபோது ஓர் அம்மா அறிமுகமானார். ஓசூரிலிருந்து வந்திருந்தார். அவர் பையனுக்கு ஆட்டிசம் என்று பெங்களூரின் பெரிய மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் சொல்லியிருந்தார்கள். அவர்தான் நிராமயா பற்றிச் சொன்னார். ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் மருத்துவக் காப்பீடு அது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் வரும். மாற்றுத்திறன் சான்றிதழ் வேண்டும், அதனால் முதலில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு இது தேவைப்படவில்லை. தேவைப்படுகிற யாராவது இதைப் படிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். அந்த அம்மாவுக்கே இது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்ததாம்.

பேச்சுப் பயிற்சியாளர் எங்களுக்குச் சொன்ன வேலைகள் எளிமையானவை. முகத்துக்கு நேரே, அவன் உயரத்துக்குக் குனிந்து பேசுங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசுங்கள். கேட்டுவிட்டு ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். போனைப் பற்றிக் கேட்டார். உண்மையைச் சொன்னேன்: நான் ராத்திரியில் அவனுக்காகப் போனில் தேடுவேன், பகலில் சோறு இறங்க அவனும் போன் பார்ப்பான். ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை எடுத்துக் காட்டினார். திட்டவில்லை. அத்தையைக் கூப்பிட்டு, “பாட்டி, நீங்க குளிப்பாட்டும்போது பாடுறீங்களே, அதுதான் நல்ல தெரபி” என்றார். அத்தை வீட்டுக்கு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு போனை நான் வேறு விதமாகப் பயன்படுத்தினேன். பிரதம் புக்ஸ் நம் பெங்களூரில் இருக்கிற அமைப்பு. 2015இலிருந்து ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் சிறுவர் கதைகளை இலவசமாக வைத்திருக்கிறார்கள். தமிழிலும் கன்னடத்திலும் ஏராளம் இருக்கிறது. வாசிப்பு நிலை ஒன்று என்று தேர்ந்தெடுத்தால் பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய படம். பதிவிறக்கி அச்சடிக்கத் தடையில்லை. எங்கள் அச்சகத்தில் மிஞ்சும் தாளில் முதலாளியிடம் கேட்டு பத்துக் கதை அச்சடித்துத் தைத்தேன். திரை இல்லாமல் இணையத்தைப் பிள்ளையிடம் கொண்டுபோக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2023 பிப்ரவரியில் ‘ஜாதுயி பிடாரா’ என்று மூன்று முதல் எட்டு வயதுக்கான விளையாட்டு, கதை, புதிர்த் தொகுப்பு வெளியிட்டார்கள். அதைப் பார்த்து வீட்டுச் சாமானிலேயே சில விளையாட்டுகள் செய்துகொண்டோம். மூடிகள், பருப்பு டப்பா, பழைய துணி. காசு கொடுத்து நான் வாங்கிய எழுத்து அட்டைகள் அலமாரியில்தான் இருக்கின்றன.

இன்னொரு உதவியும் இருக்கிறது, அது எனக்கானது. அந்த மூன்று மாதக் காத்திருப்பில் ஓர் இரவு காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஷிஃப்ட்டில் இருந்தார். 14416 என்ற டெலி மானஸ் நம்பரை எங்கோ படித்துக் குறித்து வைத்திருந்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் இருந்தவர் என்னை அவசரப்படுத்தாமல் கேட்டார். குழந்தைக்கு உதவி தேடும்போது தனக்கும் ஒன்று தேடிக்கொள்ளலாம் என்று எந்தத் தாய்க்கும் தோன்றுவதில்லை. தயவுசெய்து அந்த நம்பரைப் போனில் சேமித்து வையுங்கள்.

தேதி பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கர்நாடகாவில் ஒன்றாம் வகுப்பில் சேர ஜூன் 1 அன்று ஆறு வயது நிரம்ப வேண்டும் என்ற விதியை நம்பி, கீழ் வீட்டுக்காரர்கள் மூத்த பெண்ணை ஒரு வருடம் நிறுத்திவைக்க இருந்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த ஓராண்டுக்கு மட்டும் ஐந்தரை வயதுக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் போதும் என்று அரசு தளர்த்தியது. அவர்கள் வைத்திருந்தது அதற்கு முன்பு எழுதிய பக்கம்.

மூன்றாவது மாதம் பார்த்தபோது ஒரு காதில் நீர் வடிந்திருந்தது, இன்னொன்றில் பாதி. அதற்குள் அவன் உதவியாளர் அக்காவோடு காலையில் ஒரு மணி நேரம் அங்கன்வாடியில் உட்கார ஆரம்பித்திருந்தான். ஒரு நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்று, அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்து, “பால் பேகு” என்றான்.

பால் தமிழ். ‘பேகு’ என்றால் கன்னடத்தில் வேண்டும். இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டான். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை டம்ளரை நிரப்பிக்கொண்டே, “பேகுன்னா பேகுதான், இந்தா” என்றார்.

சொற்கள் எழுதிய தாளை 60ஆவது சொல்லோடு நிறுத்திவிட்டேன், இடமில்லை. ‘ர’ இன்னும் ‘ல’வாகத்தான் வருகிறது, ‘க’வுக்குப் பதில் சில நேரம் ‘த’ சொல்கிறான். அடுத்த மாதம் மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்தின வாரம் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருகிறது. கீழ் வீட்டு அக்காவின் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன், தாயி கார்டை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.